கேபின் போடும் முன் பிள்ளைக்கு என்ன வயது என்று கேளுங்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கப்பல் சுற்றுலா விற்கும் பயண ஏஜெண்டுகளுக்கு,

வணக்கம்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும் சரி, பிரிக்பீல்ட்ஸிலும் சரி, மாட்டா பயணக் கண்காட்சி நெரிசலிலும் சரி, கப்பல் பயணம் பற்றிக் கேட்டால் உங்கள் முதல் கேள்வி "எத்தனை பேர்?" அடுத்தது "பட்ஜெட் எவ்வளவு?" அதோடு கால்குலேட்டரை எடுத்துவிடுகிறீர்கள். பிள்ளைகளின் வயதைக் கேட்பதும் உண்டு, ஆனால் அது டிக்கெட் விலைக்காக. சின்னவள் பகலில் தூங்குவாளா, பெரியவன் எதைக் கண்டாலும் ஏறுகிற ரகமா, கூட வருகிற பாட்டிக்கு முட்டி வலி உண்டா என்று எந்த மேசையிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு எந்தக் கேபின் என்பதை இந்தக் கேள்விகள்தான் முடிவு செய்கின்றன. ரிங்கிட் கணக்கு அப்புறம் வரட்டும்.

போன பள்ளி விடுமுறையில் என் தம்பி குடும்பம் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் போனது. மூன்று வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, கூட எங்கள் அம்மா. ஏஜெண்ட் "கேரண்டி" விலையில் இரண்டு உள் கேபின் போட்டுக் கொடுத்தார். அந்த விலையில் உறுதியாவது கேபினின் வகை மட்டுமே; எந்தத் தளம், முன்பக்கமா பின்பக்கமா என்பதைக் கப்பல் நிறுவனம் தன் வசதிப்படி ஒதுக்கும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் பாட்டிக்கு ஒரு தளத்தில் பின்கோடி, பிள்ளைகளுக்கு நாலு தளம் தள்ளி முன்கோடி. பாட்டி துணைக்கு இருப்பார் என்று போட்ட திட்டம் லிப்ட்டுக்குக் காத்திருப்பதிலேயே கரைந்து போனது.

இரவு எட்டரைக்குச் சின்னவன் தூங்கினால் விளக்கை அணைத்தாக வேண்டும். உள் கேபினுக்கு ஜன்னல் கிடையாது; அணைத்தால் கும்மிருட்டு. சோபாவை விரித்துவிட்டால் கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். தம்பி டாய்லெட் மூடி மேலும் அவன் மனைவி பாத்ரூம் படியிலும் உட்கார்ந்து, பஃபேயிலிருந்து கொண்டுவந்த பன்னைப் பிய்த்துத் தின்றபடி போன் பார்த்திருக்கிறார்கள். டாய்லெட்டை உபயோகித்தாலும் தண்ணீர் விடப் பயம். கப்பல் டாய்லெட் காற்றால் உறிஞ்சும் வகை. அழுத்தினால் எழுகிற சத்தத்தில் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும். விடுமுறைக்குப் போன புருஷன் பெண்டாட்டி தினம் இரவு இப்படித்தான் இருந்தார்கள்.

உள் கேபினே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கு அந்த இருட்டு ஒரு வரம். ஆனால் பிள்ளை தூங்கிய பிறகு பெரியவர்கள் எங்கே உட்காருவது? இதற்குப் பதில் இல்லாத கேபின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் குடும்பக் கேபின் ஆகாது. பதில்கள் பல உண்டு. பால்கனி ஒன்று. உள்கதவால் இணைந்த இரண்டு கேபின் இன்னொன்று; இரண்டு உள் கேபினை அப்படி எடுத்தால் சில தேதிகளில் நாலு பேருக்கு ஒரு பால்கனி எடுக்கிற விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், பாத்ரூமும் இரண்டு. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகுமா? ஆனால் "பக்கத்துப் பக்கத்துக் கேபின்" என்று நீங்கள் போட்டுத் தருவதில் பெரும்பாலும் உள்கதவு இருப்பதில்லை. நடுராத்திரி பிள்ளை அழுதால் நைட்டியோடு வராந்தாவுக்கு வந்து கதவைத் தட்ட வேண்டும். உள்கதவு உள்ளவை ஒரு கப்பலில் குறைவு, முதலில் விற்றுத் தீர்வதும் அவைதான். உள்கதவு தேவைப்படாத குடும்பத்துக்கு அந்தக் கேபினைத் தள்ளிவிடவும் வேண்டாம். முன்பின் தெரியாத பக்கத்து ஆளின் டிவி சத்தம் கதவிடுக்கு வழியாக வரும்.

பால்கனி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நடக்கத் தொடங்காத குழந்தைக்கு, தாராளமாக. பிள்ளை உள்ளே தூங்க, கதவுக்கு வெளியே உட்கார்ந்து அம்மா ஒரு மைலோ குடிக்கலாம். மூன்று முதல் ஆறு வயதுக்குள் ஏறுகிற பிள்ளை இருக்கிறதா? ஜன்னல் கேபின் போடுங்கள். பால்கனிக் கம்பியும் கண்ணாடியும் பெரியவர் மார்பளவுக்கு இருக்கும். பக்கத்தில் நாற்காலி கிடந்தால் அந்த உயரத்துக்கு அர்த்தமே இல்லை. பால்கனிதான் வேண்டும் என்று குடும்பம் பிடிவாதம் பிடித்தால், கதவுப்பூட்டு பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். ஏறியதும் கேபின் பணியாளரிடம் சொல்லி நாற்காலிகளை எடுத்துப்போகச் செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள். ஜன்னல் கேபின் போடும்போது ஒரு எச்சரிக்கை: சில ஜன்னல்களுக்கு நேர் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். விலை குறைவு, அதற்குக் காரணமும் அதுதான்.

அடுத்து "நாலு பேர் கேபின்". காகிதத்தில் நாலு படுக்கை, சரி. அதில் இரண்டு கூரையிலிருந்து இறங்கும் மேல்தட்டுப் படுக்கை, ஏணி வைத்து ஏற வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை யார் அங்கே படுக்க வைப்பார்கள்? ஆகவே அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டு பேர் கேபின்தான். அப்பா மேலே போவார், அம்மா இரண்டு பிள்ளைகளோடு கீழே ஒட்டிக்கொண்டு கிடப்பார். சோபா கம் பெட் உள்ளதாகக் கேளுங்கள். குழந்தைத் தொட்டில் பெரும்பாலான கப்பல்களில் இலவசம், ஆனால் எண்ணிக்கை குறைவு. புக்கிங்கின்போதே எழுதிப் போட வேண்டும், ஏறிய பிறகு கேட்டால் கைவிரிப்பார்கள்.

"கைக்குழந்தைதானே, அப்புறம் பெயர் சேர்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். கப்பலில் மடிக்குழந்தைக் கணக்கு கிடையாது. உயிர்காப்புப் படகிலும் அவசரகாலத்தில் கூடும் இடத்திலும் ஒவ்வொரு தலைக்கும் ஓர் இடம் உண்டு, ஆறு மாதக் குழந்தையும் ஒரு தலை. அந்தப் பகுதியின் எண்ணிக்கை நிறைந்துவிட்டால், கேபினில் படுக்கை காலியாக இருந்தாலும் சேர்க்க மாட்டார்கள். அதோடு, பல நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதே இல்லை. நடுக்கடலில் தொடர்ந்து பல நாள் ஓடும் பயணம் என்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, டெக் பிளான், அதாவது எந்தத் தளத்தில் எது எங்கே என்று காட்டும் கப்பல் படம். அதை ஏன் எங்களிடமிருந்து மறைக்கிறீர்கள் என்று தெரியவில்லை. நிறுவனங்களே இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன. உங்கள் மேசையில் அதை விரித்து, மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். மேலும் கீழும் கேபின்களே இருந்தால் நிம்மதி. தலைக்கு மேல் நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியும் முன்னே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தால் நள்ளிரவுவரை தரை அதிரும். முன்கோடியில் கீழ்த் தளம் என்றால் நங்கூரம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்று, சிறு படகில்தான் ஆட்களை இறக்குகின்றன. அந்தச் சங்கிலி இறங்கும்போது பிள்ளை மட்டுமல்ல, ஊரே எழுந்துவிடும்.

கப்பலின் ஆட்டத்துக்கும் இதே படம்தான் பதில். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் தெரியாது. கப்பலிலும் நடுப்பகுதி, கீழ்த்தளம்தான் அமைதி. மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ராவும் மறு பக்கம் நம் தீபகற்பமும் காக்கிற கடல், பெரும்பாலும் சாது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியற்காலையில் "சுமத்ரா" என்கிற காற்றும் மழையும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டுப் போகும், அவ்வளவே. ஆனால் ஆண்டு இறுதியில் வியட்நாம் பக்கம் போகும் கப்பலை விற்கும்போது, அது வடகிழக்குப் பருவக்காற்று நேரம், தென்சீனக் கடல் சும்மா இருக்காது என்று வாய்திறந்து சொல்லுங்கள். அந்தப் பயணத்தில் மேல்தளத்து முன்கோடி கேபினைப் பிள்ளைக்காரர்களுக்குக் கொடுப்பது பாவம்.

இதையெல்லாம் ஒரு ஏஜெண்டிடம் சொன்னபோது சிரித்தார். "நம்ம தாத்தா பாட்டி ரஜூலாவிலே டெக்கில பாய் விரிச்சுப் படுத்து வந்தவங்கம்மா, இப்ப கேபின்ல குறை சொல்றீங்களே" என்றார். உண்மைதான். 1926-ல் கட்டிய அந்தக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். அவர்கள் பிழைப்புக்கு வந்தார்கள், விதியே என்று படுத்தார்கள். நாங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, உங்களுக்குக் கமிஷனும் சேர்த்துக் கொடுத்து வருகிறோம்.

சில்லறை விஷயங்கள் சில. சாதாரணக் கேபின் கதவு ஏறக்குறைய 23 அங்குல அகலம்தான். பெரிய தள்ளுவண்டி நுழையாது, தீ விபத்து விதிப்படி வராந்தாவிலும் விட முடியாது. மடிகிற வண்டி கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்காகச் சக்கர நாற்காலிக் கேபினைக் "கதவு பெருசு" என்று குடும்பத்துக்குப் போட்டுவிடாதீர்கள், அது வேறொருவருக்கு வேண்டியது. பாத்ரூமில் பெரும்பாலும் ஷவர்தான். பக்கெட்டும் குவளையும் வைத்துக் குளித்துப் பழகிய பிள்ளை முதல் நாள் ஊரைக் கூட்டும், தாய்க்கு முன்கூட்டியே தெரிந்தால் ஒரு சின்னக் குவளையாவது பையில் போட்டுக்கொள்வாள். கஞ்சிக்கென்று குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப்போக நினைக்கிறவர்களிடம், ஏறும்போதே பிடுங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கான விலைப்பட்டியல் இப்போதே வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டது. அனுப்புங்கள், பார்க்கிறோம். கூடவே டெக் பிளானையும், எங்களுக்கு நீங்கள் போட நினைக்கும் கேபின் எண்ணையும் அனுப்புங்கள். எண் சொல்ல முடியாத விலை என்றால், "இடம் நிறுவனத்தின் விருப்பம், குடும்பம் பிரியலாம்" என்று ஒரு வரி தமிழிலோ மலாயிலோ அந்தப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். அதைப் படித்த பிறகும் அந்த விலையே போதும் என்று எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்