கடைசி நாள் காலையில் ஸ்கூபா வேண்டாம்: அந்தமான் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் குழு சேர்த்து அனுப்பும் பயண முகவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மார்ச் மாதம் என் அக்காவும் மாமாவும் உங்களில் ஒருவர் மூலம் அந்தமான் போய் வந்தார்கள். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொல்லியும் பயனில்லை. அதே பயணத் திட்டத்தை, படங்களை மட்டும் மாற்றி, நான்கைந்து அலுவலகங்களின் விளம்பரத் தாள்களில் பார்த்துவிட்டேன். ஐந்து இரவு, ஆறு பகல். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, நீல் தீவு, நடுவே கடைவீதிக்கு அரை நாள். ஆறாம் நாளுக்கு நேரே ஒரே வரி: காலை 6 மணி ஸ்கூபா, இலவசம், பிறகு படகு, பிற்பகல் 2.30 விமானம். (ஸ்கூபா என்றால் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது.)

அந்த ஆறு மணிக்கு ஹேவ்லாக் தீவில் கரையோரம் வரிசையில் நின்றிருக்கிறார்கள். (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. டிக்கெட்டில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாகத்தான் இன்னும் ஓடுகிறது.) பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, "ஊர் திரும்பும் விமானம் எப்போது?" மாமா பெருமையாக டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "உங்களைக் கடலில் இறக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். மாமா சண்டை போட்டிருக்கிறார். சென்னைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது உங்கள் ஆள், "அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், மதிய விமானம் என்று சொல்லாமல் இருந்திருக்க வேண்டும்" என்றாராம்.

அந்தப் பயிற்சியாளர்மேல் மாமாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. எனக்கோ அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருக்கிறது. இந்த மடலை எழுத வைத்தது தொலைபேசியில் வந்த அந்தப் பதில்தான்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் நம்மேல் உள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிடக் கூடுதலாக உடம்பில் கரைந்து தங்குகிறது. கரையேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பல மணிநேரம் எடுத்துக்கொண்டு வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறினால் என்ன ஆகும்? பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். ஏறத்தாழ உதகமண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடலடியில் இருந்தவரை மதியமே ஊட்டியில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். கோலி சோடாவின் குண்டைக் கட்டைவிரலால் அழுத்தியதும் பாட்டிலுக்குள் குபுகுபுவென்று கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலை உடம்புக்குள் நடக்கலாம். மூட்டுவலியோடு போனால் நல்ல காலம். தண்டுவடத்தைத் தொட்டால் கை கால் விழுந்துவிடும்.

அதனால்தான் ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணிநேரமும், பல முறை இறங்கியவர் குறைந்தது 18 மணிநேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்று கடலில் முக்குளிப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 24 மணிநேரம் கேட்கும் பயிற்சியாளர்களும் உண்டு. உங்கள் திட்டத்தில் எட்டரை மணிநேரம்கூட இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதல்முறை இறங்குபவர்கள் போகும் ஆழமும் குறைவு, நேரமும் குறைவு. ஆகவே ஆபத்தும் குறைவுதான். நூறு பேரை அப்படி அனுப்பி நூறு பேரும் நலமாகத் திரும்பியிருப்பார்கள், நீங்களும் அதையே சொல்வீர்கள். ஆனால் திட்டத்தில் ஸ்கூபாவை மூன்றாம் நாளுக்கு மாற்றினால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. செலவே இல்லாத ஒன்றைச் செய்யாமல் நூற்றோராவது ஆளை ஏன் பணயம் வைக்கிறீர்கள்? (சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் பிடிக்கும் கப்பலில் போய்க் கப்பலிலேயே திரும்புகிறவர்கள் கடைசி நாளும் தாராளமாக இறங்கலாம். அவர்களை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது வேறு கதை.)

அடுத்தது அந்தப் படிவம். இறங்குவதற்கு முன் ஒரு தாளை நீட்டுவார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் அறுவை நடந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கருவுற்றிருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாம் ஆங்கிலத்தில். மாமா முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று குறி போட்டுவிட்டு வந்தார். சட்டைப்பையில் மூச்சிழுப்புக்கான இன்ஹேலர் இருந்தது.

ஆஸ்துமா இருந்தாலே கடலில் இறங்கக் கூடாது என்பதில்லை. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே வந்தால் ஒன்றும் இல்லை. மூச்சுக்குழல் சுருங்கி எங்காவது ஒரு மூலையில் காற்று அடைபட்டால் நுரையீரலே கிழியக்கூடும். விடியற்காலையில் ஈர உடையோடு, பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, கரையில் நின்று முடிவெடுக்கிற விஷயமா இது? அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதி, முன்பணம் வாங்கும் அன்றே தி. நகரிலோ எழும்பூரிலோ உங்கள் மேசையில் வைத்துக் கொடுங்கள். அப்போது மாமா குடும்ப மருத்துவரைப் பார்த்திருப்பார். குறைந்தபட்சம் அக்கா படித்துப் பார்த்திருப்பாள். சளி பிடித்திருந்தால் இறங்க முடியாது என்பதையும் அதில் சேருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதுக்குக் காற்று அனுப்ப முடியாவிட்டால் மூன்று மீட்டர்கூடத் தாண்ட முடியாது. செவிப்பறையில் ஊசி குத்தும்.

போகிற போக்கில் இன்னொன்று. உங்கள் தாள்களில் எல்லாம் "ஆக்சிஜன் சிலிண்டர்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. தனி ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரக்கூடும்.

இதுவரை சொன்னது பயமுறுத்துவது போல் இருக்கும். எனக்கு உண்மையில் வருத்தம் வேறொன்றில்தான்.

நான் ராயபுரத்துக்காரி. காசிமேட்டு மீன் சந்தையில் அம்மா விலை பேசும்போது கூடை பிடித்து வளர்ந்தவள். எட்டு ஆண்டுகளுக்கு முன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நீச்சல் குளத்தில் நான்கு நாள் பயின்றுவிட்டு ஹேவ்லாக் போனேன். பவளப்பாறையைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். கீழே இறங்கியதும் தெரிந்த முகங்களாக வந்து நின்றன. ஐஸ் பெட்டியில் விறைத்துக் கிடக்கும் சீலா, அங்கே நூற்றுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. களவா ஒன்று பாறை இடுக்கில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நீலவரி மீன் அதன் வாய்க்குள் புகுந்து, செவுள் வழியாக வெளியே வந்து, ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. விழுங்கிவிடலாம். விழுங்குவதில்லை. முடிதிருத்தகத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் முகம் அதற்கு.

கிளிமீனைக் கேட்க வேண்டும். ஆம், கேட்கத்தான் வேண்டும். அலகுபோன்ற வாயால் அது பவளத்தைச் சுரண்டும் சத்தம், பக்கத்தில் யாரோ மிக்சர் மெல்லுவதுபோல் நீருக்குள் தெளிவாகக் கேட்கும். பாசியை மட்டும் செரித்துக்கொண்டு சுண்ணாம்பைப் பொடியாக வெளியே தள்ளிவிடும். நீங்கள் தாள் நிறையப் படம் போட்டு விற்கும் வெண்மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றைக் கடந்து வந்ததுதான்.

கடல் தாமரைக்குள் குடியிருக்கும் கோமாளி மீனைப் பற்றி மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள், அதுவும் "நிமோ பார்க்கலாம்" என்ற அளவில். அந்த வீட்டில் இருப்பவற்றில் பெரியதுதான் பெண். அதற்கு அடுத்தது ஆண். மற்றவை எல்லாம் குட்டையாகவே காத்துக்கிடக்கும். பெண் இறந்துபோனால் ஆண் பெண்ணாக மாறிவிடும், காத்திருப்பவற்றில் ஒன்று ஆணாக வளரும். இதை ஒரு தாயிடமும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லி அனுப்பிப் பாருங்கள். கீழே போய்க் கட்டைவிரலை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள், அந்த வீட்டுக்கு முன்னால் அசையாமல் நிற்பார்கள். (கட்டைவிரலை உயர்த்தினால் அங்கே "மேலே போகலாம்" என்று பொருள். இதையும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. பாதியில் மேலே வந்துவிட்டுப் பணம் போச்சு என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

இடங்களைப் பற்றியும் கொஞ்சம் உண்மை வேண்டும். முதல்முறை இறங்குபவருக்கு எல்லை 12 மீட்டர். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்றவை அதற்கும் கீழே, பயிற்சி முடித்தவர்கள் மட்டும் போகும் ஆழம். அந்தப் படங்களைத் தாளில் போட்டுவிட்டு, கரையிலிருந்து நடந்தே இறங்கும் நிமோ ரீஃபுக்குக் கூட்டிப்போகிறீர்கள். நிமோ ரீஃபைக் குறைத்துச் சொல்லவில்லை. நான் இன்னும் அங்கே இறங்குகிறேன். அதன் பெயரைச் சொல்லி, அதன் படத்தையே போட்டு விற்கலாமே என்கிறேன். ஜாக்சன்ஸ் பார் என்ற பெயரைப் பார்த்துவிட்டு அங்கே என்ன கிடைக்கும் என்று ஒருவர் கேட்டாராம். அது மதுக்கடை இல்லை, கடலுக்கடியில் இருக்கும் திட்டு. நம் மீனவர்களும் கடலடிப் பாறைத்திட்டைப் "பார்" என்றுதான் சொல்கிறார்கள், முத்துப்பார் என்பது போல. இரண்டு மொழியும் தற்செயலாக ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொண்ட அழகு எனக்குப் பிடிக்கும். டிக்சன், ஜானி, ஜாக்சன் என்பவை வெள்ளைக்காரத் துரைகளின் பெயர்களும் அல்ல. 1925இல் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட கரேன் மக்களின் வழிவந்த முக்குளிப்பாளர்களின் பெயர்கள்.

யானைக் கடற்கரையில் நீந்தும் யானையின் படத்தையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மரம் இழுக்க வந்து, தீவுக்குத் தீவு நீந்திப் பழகிய ராஜன் என்ற அந்த யானை 2016இல் இறந்துவிட்டது. என் அக்கா பேரன் யானை எங்கே என்று கேட்டு அழுதான்.

கடைசியாகப் பவளம். அது கல் அன்று, செடியும் அன்று. உயிர்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. குண்டாக உருண்டிருக்கும் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முழங்கால் உயரத்துக்கு ஒன்று நின்றால் அதற்கு உங்கள் வயது இருக்கலாம். கடல்நீர் வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் சுட்டாலே, தனக்குச் சோறுபோடும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துவிடும். அந்தமானில் 2010இலும் 2016இலும் அப்படி வெளுத்தது. வெப்பத்தை நீங்களும் நானும் நாளையே குறைத்துவிட முடியாது. அதன்மேல் காலை ஊன்றி நின்று படம் எடுப்பதை நிறுத்த முடியும். இறந்த துண்டுதானே என்று பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றம். 2001 முதல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. விமான நிலையத்தில் பையைப் பிரித்துக் கொட்டும்போது அவமானப்படுவது உங்கள் வாடிக்கையாளர்.

ஒரு தாள் போதும் உங்களுக்கு. முன்பக்கம் உடல்நலக் கேள்விகள். பின்பக்கம் சீலா, களவா, கிளிமீன், திருக்கை, அழுங்கு ஆமை என்று நம் பெயரிலேயே பத்துப் படங்கள். கை சைகைகள் நான்கு. தமிழில் எழுதித் தர ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

அக்கா வரும் பிப்ரவரியில் மறுபடி போகிறாள். மாமா இம்முறை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கி வைத்திருக்கிறார். பல அலுவலகங்களில் விசாரித்துவிட்டு உங்களில் ஒருவரிடம்தான் வந்து உட்காருவார்கள். விலையைக் கேட்பதற்கு முன் ஸ்கூபா எத்தனையாம் நாள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் என்று சொல்பவரிடம் முன்பணம் கட்டுவாள்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஒரு முக்குளிப்பாளர்