வாம்போ வெறுங்கையோடு வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் பழைய வணிகர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாம்போ என்று ஊரே அழைத்த ஹூ ஆ கே, வெறுங்கையோடு வந்து தன் உழைப்பால் மட்டுமே உயர்ந்தவர் என்கிறது அது. அவர் பெயர் வழங்கும் வட்டாரத்தில் வாழ்பவள் நான். இதை அப்படியே விட மனம் ஒப்பவில்லை.

1830-இல் சீனாவிலிருந்து கப்பலேறியபோது அவர் சிறுவன்தான். ஆனால் வந்து சேர்ந்தது தந்தையின் கடைக்கு. கப்பல்களுக்கு மாட்டிறைச்சி, ரொட்டி, காய்கறி கொடுத்த கடை அது. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் பல நாட்டுக் கப்பல்களும் இங்கே வந்து நின்றன. நெடுநாள் கடலில் கிடந்த மாலுமிகளுக்குப் புதிய உணவு வேண்டியிருந்தது. தந்தைக்குப் பின் அந்தக் கடையைப் பெருக்கியதும், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி பிரிட்டிஷ் கடற்படையின் நம்பிக்கையைப் பெற்றதும் மகனின் திறமை. அதை நான் மறுக்கவே இல்லை.

கட்டுரை தொடாமலே விட்ட இடம் ஒன்று உண்டு. 1840-இல் சீனாவின் மீது அபினிப் போருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில்தான் திரண்டது. மறு ஆண்டு அது போரிட்ட முத்து ஆற்றின் கரையில், கான்டனுக்கு (இன்றைய குவாங்சோ) அருகே இருக்கிறது அவருடைய சொந்த ஊரான வாம்போ. அந்த ஊரின் வாசலில் பீரங்கி வெடித்த கடற்படைதான் பல ஆண்டுகள் அவருக்குப் பெரிய வாடிக்கை. இதைச் சொல்லாமல் ஒரு காலனித் துறைமுகத்துச் சீன வணிகரின் வாழ்க்கையை எப்படிச் சொல்ல முடியும்?

அவருடைய தோல்வியையும் மறைக்க வேண்டியதில்லை. 1854-இல் கில்பர்ட் ஆங்கஸ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஐஸ் கிடங்கு தொடங்கினார். சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸுக்கு வந்ததைப் போலவே இங்கும் ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. வாங்க ஆள் போதவில்லை. சில ஆண்டுகளில் நஷ்டத்தோடு மூடினார்கள்.

பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு, நிலத்தைத் தானமாகக் கொடுத்தார் என்பதும் சரியன்று. 1859-இல் தங்ளினில் இருந்த தம் நிலத்தை அரசுக்குக் கொடுத்து, ஈடாகப் போட் கீயில் நிலம் பெற்றுக்கொண்டார். வணிகர் வணிகராகவே நடந்துகொண்டார், அதில் குறை என்ன? சிராங்கூன் சாலையில் இருந்த தம் சொந்தத் தோட்டத்தைச் சீனப் புத்தாண்டின்போது எல்லாருக்கும் திறந்துவிட்ட பெருமனத்தை அல்லவா எழுதியிருக்க வேண்டும்!

1869-இல் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் சீனர், சீனா, ரஷ்யா, ஜப்பான் மூன்றுக்கும் துணைத் தூதர் (கான்சல்) என்று பட்டங்களை வரிசையாகத் தந்த கட்டுரை, 1880-இல் இறந்தபின் அவர் உடல் வாம்போவுக்கு எதிரே உள்ள டேன்ஸ் தீவில் அடக்கம் செய்யப்பட்டதைச் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர் அவர். இந்தக் கட்டுரைத் தொடர் நூலாகும்போது இவற்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாம்போ, சிங்கப்பூர்