இணையவழித் தொலைபேசி: அழைப்புத் தரத்தை ஒரு வாரம் கண்காணிப்போம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இணையவழித் தொலைபேசியில் குரல் விட்டுவிட்டுக் கேட்பதாகப் பலர் தெரிவித்துள்ளீர்கள். ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதுமென்பதால், வேகம் இதற்குக் காரணமாக இருப்பது அரிது. குரலைக் கெடுப்பவை பெரும்பாலும் தாமதமும், அதன் ஏற்ற இறக்கமும், வழியில் தொலையும் தரவுப் பொட்டலங்களுமே (குரலைச் சுமந்து செல்லும் சிறு தரவுத் துண்டுகள்). பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி, ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக நடக்கும். கோளாறு வந்து வந்து மறைவதால், பதிவின்றிச் செய்யும் புகார் எளிதில் தள்ளுபடியாகிவிடுகிறது.

எனவே, வரும் திங்கள் முதல் ஞாயிறு வரை:

1. காலையும் இரவும் 9 மணிக்குப் பிங் சோதனை (இணையத்தில் வேறொரு கணினிக்குச் சிறு தரவை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) செய்து, தாமதத்தையும் பொட்டல இழப்பு விழுக்காட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். (பிங் காட்டுவது போய்வரும் நேரம், ஒருவழித் தாமதம் ஏறத்தாழ அதில் பாதி.)
2. அழைப்பு கெட்ட நாள், நேரம், அப்போது வீட்டில் யாரேனும் காணொளி பார்த்தார்களா என்பதை எழுதுங்கள்.
3. வைஃபை இன்றிக் கம்பி இணைப்பிலும் ஒருமுறை சோதியுங்கள். என் வீட்டுச் சிக்கல் அதிலேயே தீர்ந்தது.

பங்கேற்போர் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் "சம்மதம்" எனப் பதிலளிக்க வேண்டுகிறேன்.

ஒருங்கிணைப்பாளர்