எனாமலுக்கும் வேருக்கும் என்ன சம்பந்தம்?

அன்புள்ள சலீம்,

உன் கடிதம் வந்தது. உம்மாவுக்கு முட்டுவலி குறைந்து, மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். பல் மருத்துவம் வேண்டாமாம், கணக்குதான் படிப்பாளாம். எனக்குச் சந்தோஷமே.

சரி, உன் கடைவாய்ப்பல்லுக்கு வருகிறேன். ஈறைத் திறந்து சுத்தம் செய்து, பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமலின் புரதத்தால் ஆன ஒரு ஜெல்லை வேரில் தடவலாம் என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். "எனாமல் மேலே, வேர் கீழே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றும் கேட்டிருக்கிறாய். இருபது வருடமாக ஈறு நோய்தான் பார்க்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை.

பல் தாடைக்குள் உருவாகும்போது, எனாமலைக் கட்டும் செல்கள் முதலில் ஒரு மெத்தென்ற புரதக் குழம்பைச் சுரக்கின்றன. அதில் பத்தில் ஒன்பது பங்கு அமெலோஜெனின் என்ற புரதம். அதற்குள்தான் கனிமப் படிகங்கள் வளர்கின்றன. அவை வளர வளர, நொதிகள் அந்தப் புரதத்தை அரித்து அகற்றிவிடும், கட்டடம் முடிந்ததும் சாரம் பிரிப்பதுபோல. முளைத்து வெளியே வரும் பல்லின் எனாமலில், எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். புரதம் மிகச் சொற்பம்.

அதோடு அதன் வேலை முடிந்தது என்றுதான் கல்லூரியில் படித்தேன். ஆனால் எனாமல் செல்கள் பிறந்த அதே அடுக்குதான் கீழே இறங்கி, ஹெர்ட்விக் உறை என்ற பெயரில் வேருக்கு உருக்கொடுக்கிறது. அந்த உறையும் எனாமல் சார்ந்த புரதங்களைச் சுரக்கலாம், வேரின் செல்களை எழுப்புவது அதுவாக இருக்கலாம் என்ற யோசனை 1970களிலேயே எழுந்தது. ஸ்வீடனில் லார்ஸ் ஹாமர்ஸ்ட்ரோமும் அவருடைய குழுவும் அதைச் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள்.

பல் எலும்போடு நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஊஞ்சல் கயிறுபோல நார்கள் தாங்குகின்றன. ஒரு முனை எலும்பில், மறுமுனை வேரைப் போர்த்திய சிமெண்டம் என்ற மெல்லிய படலத்தில். ஈறு நோயில் போவது இந்த மூன்றும்தான். ஹாமர்ஸ்ட்ரோம் குழு குரங்குகளின் வேரிலிருந்து எலும்பையும் சிமெண்டத்தையும் நீக்கிவிட்டு, எனாமல் புரதத்தைத் தடவியது. வேர்மீது புதுச் சிமெண்டம் படிந்தது. நார்கள் அதில் ஊன்றிக்கொண்டன.

செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தபோது இன்னும் தெளிந்தது. இந்தப் புரதம் பட்டால் வேரைச் சுற்றியுள்ள நார்ச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளையும் தாமே அதிகம் சுரக்கின்றன. ஈறின் மேல்தோல் செல்களுக்கு அந்த ஊக்கம் கிடைப்பதில்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம். ஈறைத் திறந்து மூடினால் முதலில் ஓடி வந்து வேரை ஆக்கிரமிப்பது மேல்தோல்தான். அது முந்திக்கொண்டால் மெதுவாக வரும் நார்ச் செல்களுக்கு இடமே இருக்காது. யாருக்கு வழிவிட வேண்டும் என்று இந்தப் புரதத்துக்குத் தெரிந்ததுபோல் இருக்கிறது.

அப்புறம் சுண்டெலிகள். அமெலோஜெனின் மரபணு நீக்கிய எலிகளில் எனாமல் மெலிந்து போனது எதிர்பார்த்ததே. ஆனால் அவற்றின் வேரில் சிமெண்டமும் அரிபட்டிருந்தது. 2003இல் வந்த அந்த ஆய்வைப் படித்த பிறகுதான், வேருக்கும் இந்தப் புரதம் தேவைப்படுகிறது என்று முழுதாக நம்பினேன்.

இனி உனக்கு அவசியம் தெரிய வேண்டியது. எம்டோகெயின் என்று விற்கும் அந்த ஜெல்லின் புரதம், பன்றிகளின் வளரும் பற்களிலிருந்து எடுக்கப்படுவது. உன் மருத்துவர் இதைச் சொல்லவில்லை என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. சொல்லியிருக்க வேண்டும், சலீம். எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும், எதிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகுதான் ஒருவர் சம்மதிக்க முடியும். எனக்கு இதில் கோபமே வருகிறது. உனக்கு ஒப்பாவிட்டால் தயங்காமல் சொல்லிவிடு. உன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்துச் சுழற்றி, அதிலிருந்து கிடைக்கும் ஃபைப்ரின் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்) படலத்தை வைக்கும் முறை இருக்கிறது. நானே செய்கிறேன், நல்ல பலன் பார்த்திருக்கிறேன்.

எதை வைத்தாலும், எலும்பு குறுகலான ஆழமான குழியாகக் கரைந்திருந்தால்தான் நன்றாக நிரம்பும். சமமாக இறங்கியிருந்தால் பெரிதாக எதிர்பார்க்காதே. எக்ஸ்ரேயைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். சர்க்கரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள். சிகரெட்டை விட்டுவிட்டாய்தானே? இல்லையென்றால் இன்றே விடு. புகைப்பவர்களின் ஈறு சரியாக ஆறுவதில்லை.

உம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். நோன்புப் பெருநாளுக்கு வந்துவிடுகிறேன், இந்த முறை நிச்சயம்.

அன்புடன்,
முருகேசன்