தொண்ணூறுக்குள் ஒரு நூறு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், கொஞ்ச நாள் எழுத்துப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருந்தார்கள். நாற்பது வருஷம் பத்திரிகையில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தியவனுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா? பொழுது போக வேண்டுமே என்று பேத்திக்கு எண் சொல்லிக்கொடுத்தேன்.

அறுபது, எழுபது, எண்பது வரை சரசரவென்று வந்தாள். அடுத்தது "ஒன்பது" என்று சொல்லிவிட்டு அவளே முழித்தாள். எட்டு எண்பதாகிறது, ஒன்பதில் மட்டும் 'பது' முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறது! தொண்ணூறு என்றேன். "நூறு இன்னும் வரவே இல்லையே தாத்தா, அதுக்குள்ள நூறு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பழைய பெயர் இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். தொண்ணூறும் தொள்ளாயிரமும் எப்படிப் புணரும் என்று தொல்காப்பியமே விதி தருகிறது. ஆனால் யோசித்துப் பார், அது நடப்பதைச் சொல்கிறதே தவிர, ஏன் அப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கடைசியில், "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க கண்ணு" என்றேன். உடனே ஒப்புக்கொண்டாள்.

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் கணக்கில் பிழையில்லை. எங்களை விட ஒழுங்காகத்தான் யோசித்தாள். ஆனாலும் அவள் சொன்னது தப்பு. ஒரு தீவில் தனியாக எண்ணிக்கொண்டிருந்தால் அவளுக்குச் சரியென்று பட்டதே சரி. 'இல்லை' என்று சொல்ல இன்னொருவர் இருந்தால்தானே தப்பு என்று ஒன்று இருக்க முடியும்?

தொல்காப்பியத்தின் மரபியல் பகுதி ஞாபகம் இருக்கிறதா? யானை, குதிரை, கழுதைக் குட்டிகளை அங்கே 'கன்று' என்கிறார் தொல்காப்பியர். இன்றைக்குக் கழுதைக் கன்று என்று சொன்னால் பேத்தி சிரிப்பாள். மாட்டின் கன்றோ கன்றுக்குட்டியாகிவிட்டது, இளமைப் பெயர் இரண்டு சேர்ந்து. நாம் புரூஃபில் ஒருநாளாவது அதில் கை வைத்திருக்கிறோமா?

தத்துவவாதி விட்கென்ஸ்டைன் பற்றி நீ முன்பு எழுதியிருந்தாய். விதி என்பது ஒருவன் தலைக்குள் இருப்பதல்ல, பலர் சேர்ந்து செய்யும் பழக்கம் என்று வாதாடிய அந்த மனிதர், 1920களில் ஆஸ்திரியக் கிராமங்களில் பள்ளி வாத்தியாராக இருந்தபோது பிள்ளைகளுக்காகத் தொகுத்த ஓர் எழுத்துக்கூட்டல் அகராதியை 1926இல் வெளியிட்டார். ஆகா, நம்ம ஆள் என்று தோன்றியது.

ஆனால் அந்த 'பலர்' யார் என்பதில்தான் சிக்கல். வழக்கு என்பது உயர்ந்தோரைப் பொறுத்தது என்று தொல்காப்பியர் முடித்துவிடுகிறார். யார் உயர்ந்தோர்? எங்கள் ஊரில் பத்து வயதுப் பையன் என் அப்பாவைப் பெயர் சொல்லி 'வாடா' என்று கூப்பிடுவான். அப்பா 'வரேன் சாமி' என்று போவார். அதற்கு எந்த நூலிலும் சூத்திரம் கிடையாது. ஊரில் ஒருவரும் பிசகினதும் கிடையாது. இத்தனைக்கும், ஒருவரைப் பன்மையில் 'அவர்' என்பது வழக்கில் வந்த உயர்வுச்சொல்தான், இலக்கண முறை அல்ல என்கிறார் அதே தொல்காப்பியர். மரியாதையே ஒரு வழுவாகத்தான் உள்ளே வந்திருக்கிறது, பார்!

நாம் வேலை பார்த்த இடத்தில் முதலாளி என்றால் 'காலமானார்', கூலிக்காரர் என்றால் 'இறந்தான்' என்று அச்சுக்குச் செய்திக் காப்பி வரும். ஒரு ராத்திரி நீதான் முதலில் 'ன்'னை அடித்து 'ர்' போட்டாய். ஆசிரியர் மறுபடி மாற்றினார். நீயும் விடவில்லை, நானும் சேர்ந்துகொண்டேன். எப்போது அவர் மாற்றுவதை நிறுத்தினார் என்று எனக்கு ஞாபகமில்லை. கொஞ்ச காலத்தில் 'ர்' போட்டே காப்பி வர ஆரம்பித்தது.

இதையெல்லாம் பெருமையாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் போன வாரம் நடந்ததைக் கேள். எங்கள் தெருவைக் கூட்ட வரும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பேத்தி வாசலில் நின்று, "ஏய், இங்க வா, குப்பையை எடுத்துட்டுப் போ" என்றாள். பெரியவங்களை அப்படிக் கூப்பிடலாமா என்று அதட்டினேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க தாத்தா" என்றாள்.

எல்லாரும் என்றால் நானும்தான். மறுநாளிலிருந்து 'வாங்கம்மா' என்கிறேன். அந்த அம்மாதான் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். பார்க்கிறார் என்று திருத்திப் படித்துக்கொள்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தை பிறந்ததும் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் மச்சான்