மே மாதத்தில் பயிற்சிக்குப் போகச் சொல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், கல்லூரி ஆட்சிக்குழுவினருக்கும்,

வணக்கம்.

உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இம்மாதம் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை என் தங்கையின் கைப்பேசியில் படித்தேன். மே மாதம் முடிவதற்குள் ஏதேனும் ஒரு பரிசோதனைக்கூடத்திலோ மருத்துவமனையிலோ முப்பது நாள் பணியிடப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும், செலவு மாணவருடையது, சான்றிதழ் தராதவருக்கு அந்தப் பாடத்தில் மதிப்பெண் கிடையாது. இவ்வளவுதான் சுற்றறிக்கை. இதே துறையில் 2024இல் பட்டம் பெற்று, இப்போது மதுரையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு, அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியிடப் பயிற்சியைக் கல்லூரியே, உரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து, இறுதியாண்டில் குறைந்தது பன்னிரண்டு வாரங்களுக்கு ஏற்பாடு செய்து தர வேண்டும்.

மே மாதம் என்பது உங்கள் நாட்காட்டியில் கோடை விடுமுறை. எங்கள் வீட்டில் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பாம்பனில் கூலிக்குப் படகேறும் என் அப்பாவைப் போன்றவர்கள் வலை பின்னியும் வண்ணம் பூசியும் ஏதோ நாளை ஓட்டுவார்கள். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். என் தங்கை விசாரித்த மதுரைப் பரிசோதனைக்கூடம் ஒன்று முப்பது நாள் பயிற்சிக்குக் கேட்ட கட்டணம் 7,500 ரூபாய். விடுதியும் சாப்பாடும் தனி. ஆண்டில் எங்கள் வீடுகளில் காசு புழங்காத இரண்டு மாதங்களைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இந்தச் செலவை வைக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். திட்டமிடாமலே இவ்வளவு பொருத்தமாக அமைந்ததுதான் வருத்தம்.

கதை அதோடு முடியவில்லை. அதே கூடத்தில், வரவே தேவையில்லை, 3,000 ரூபாய் கட்டினால் முத்திரையோடு சான்றிதழ் வீட்டுக்கு வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, போனாத்தான் காசு ஜாஸ்தியாம், போகாட்டி கம்மியாம்" என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது இருவருமே சிரித்துவிட்டோம். வகுப்பில் பலர் ஏற்கெனவே அந்த 3,000 ரூபாயைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கேட்டது சான்றிதழ். அவர்கள் கொண்டுவரப் போவதும் அதுதான்.

பயிற்சி இல்லாத பட்டம் எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு, டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் எலக்ட்ரோஃபோரசிஸ் செய்முறை இருந்தது. ஜெல் ஊற்றும் தட்டும் மின்வழங்கியும் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன; ஆய்வுக்குழு வந்த இரண்டு நாள் வெளியே வந்து, துடைக்கப்பட்டு, மறுபடியும் உள்ளே போயின. நாங்கள் என்ன செய்தோம் என்றால், ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கத்தில் செவ்வகம் ஒன்று வரைந்து, அதில் ஆறு பள்ளங்கள் வரைந்து, டிஎன்ஏ பட்டைகளை எச்பி பென்சிலால் தீட்டினோம். மேலே கனமான பட்டை, கீழே போகப்போக மெல்லியது. பட்டையின் ஓரம் மங்கலாகத் தெரிவதற்காக விரல் நுனியால் தேய்த்துவிட வேண்டும் என்று முந்தைய ஆண்டு அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அந்தச் செய்முறையில் இருபதுக்குப் பத்தொன்பது கிடைத்தது. அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று இன்றுவரை தெரியாது. ஒருவேளை சரியாகத் தேய்க்கவில்லையோ என்னவோ.

அந்தப் பத்தொன்பதோடு முதல் நேர்காணலுக்குப் போனேன். நேர்காணல் செய்தவர், மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட் ஒன்றைக் கையில் கொடுத்து, இருபது மைக்ரோலிட்டர் நீரை எடுத்துக் குழாயில் விடச் சொன்னார். அதன் பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியேற்றும்போதுதான் இரண்டாவது வரை போக வேண்டும். நான் உறிஞ்சும்போதே அடிவரை அழுத்தினேன். அளவு கூடிப்போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் பிப்பெட்டை வாங்கி வைத்துவிட்டு, எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்.

இப்போது இருக்கும் வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில் மூத்த நுட்பநர் "க்யூசி ஓட்டியாச்சா?" என்றார். தரக்கட்டுப்பாட்டுச் சோதனையைத்தான் அப்படிச் சொல்வார்கள். நோயாளிகளின் ரத்தத்தைக் கருவியில் வைக்கும் முன், அளவு தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டி, வந்த எண்ணை லீவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தில் குறித்து, அது திட்ட விலக்கத்தை வைத்துப் போட்ட வரம்புக்குள் விழுந்தால்தான் அன்றைய முடிவுகளை வெளியிடலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். திட்ட விலக்கம் என்றால் என்ன என்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள்தான் நான். இரண்டாம் வாரத்தில், நன்றாக நடந்து வந்த ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் நம்ப முடியாத உயரத்திலும் கால்சியம் தரைமட்டத்திலும் வந்தது. அப்படியே அச்சிட இருந்தேன். மூத்தவர் தடுத்து, ஊதா மூடிக் குழாயின் ரத்தத்தை யாரோ சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றியிருக்கிறார்கள் என்றார். ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் இடும் இடிடிஏ உப்பில் பொட்டாசியம் உண்டு, இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இடிடிஏவின் வாய்பாடு எனக்கு மனப்பாடம். இப்படி ஒரு குளறுபடி பரிசோதனைக்கூடங்களில் அடிக்கடி நடப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பட்டம் எங்கெல்லாம் கொண்டுபோகும் என்பதையும் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சேர்க்கையின்போது "மருத்துவம் சார்ந்த படிப்பு" என்றார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் டாக்டருக்குப் படிக்கிறேன் என்றும், மீதிப் பேர் ஆஸ்பத்திரி இயந்திரம் பழுதுபார்க்கப் படிக்கிறேன் என்றும் நினைத்தார்கள். அரசு மருத்துவமனை ஆய்வக நுட்பநர் பணிக்கு அறிவிப்பு வந்தபோதுதான், அது கேட்பது மருத்துவ ஆய்வக நுட்பவியல் படிப்பை, எங்கள் பட்டத்தை அல்ல என்று தெரிந்தது. என்னோடு படித்தவர்களில் பலர் சென்னையிலும் திருச்சியிலும் மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறார்கள்; அமெரிக்க நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து ஐசிடி–10 என்னும் நோய்க் குறியீடு போடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, திறந்திருந்த ஒரே கதவு அது என்பதால் நுழைந்தார்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தொகுத்து எழுதும் பணி, 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்கீழ் நடக்கும் ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளர் பணி, ஐஎஸ்ஓ 15189 தரச்சான்று பெற்ற கூடங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பணி, செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் கருவியலாளராவதற்கான மேற்படிப்பு, ஜாம் அல்லது காட்–பி நுழைவுத்தேர்வு எழுதி ஆராய்ச்சிக்குப் போகும் வழி என்று இத்தனை கிளைகள் இருப்பதை நான் வேலைக்கு வந்தபின் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். இவற்றில் எதற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது, எந்தக் கூடத்தில் எத்தனை மாதம் நின்றாய் என்பதுதான்.

சட்டமும் அதையே கேட்கத் தொடங்கிவிட்டது. துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்தது. அதன் அட்டவணையில் உயிர்வேதியியலாளர், மூலக்கூறு உயிரியலாளர், கருவியலாளர் எல்லோரும் இருக்கிறார்கள். சுகாதாரத் தொழில்முறையாளருக்கு வேண்டிய பட்டப்படிப்பின் அளவை அச்சட்டம் 3,600 மணிநேரத்துக்குக் குறையாமல் என்று மணிக்கணக்கில் சொல்கிறது. எங்கள் படிப்பு அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று குழு பார்த்திருந்தால் மாணவர்களுக்கும் தெரிவியுங்கள். பார்க்கவில்லை என்றால், பென்சிலால் தீட்டிய மணிநேரங்களைத் தயவுசெய்து கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

ஒப்பந்தம் போட இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். இராமநாதபுரத்தில் 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது; 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகமே மண்டபம் முகாமில்தான் இருந்தது. கடற்பாசி ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய அரசு நிலையமும் அங்கே உண்டு. என் அம்மா விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் முங்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் நுண்ணுயிர் வளர்க்கப் பயன்படும் அகார் எடுக்கிறார்கள் என்று, பாடப்புத்தகத்தில் ஜெலிடியெல்லா என்ற அதன் அறிவியல் பெயரைப் பார்த்தபோது தெரிந்தது. அந்த அகார் டப்பாவில் அடைபட்டு எங்கள் துறைக்கு வந்தது. அதைக் கரைத்துத் தட்டில் ஊற்ற ஒரு செமஸ்டருக்கு ஒரு முறை வாய்த்தது, அதுவும் நால்வருக்கு ஒரு தட்டு. அந்த நிலையங்கள் கடிதம் எழுதினால் பதில் போடாத தூரத்தில் இல்லை. இருபது வயது மாணவி தனியாகப் போய் வாசலில் நிற்பதற்கும் கல்லூரி முதல்வரின் கடிதம் போவதற்கும் உள்ள வேறுபாடு தங்களுக்குத் தெரியாததல்ல.

எதற்கெடுத்தாலும் மதுரைக்குப் போ என்று கேட்டே வளர்ந்த மாவட்டம் எங்களுடையது. ஸ்கேனுக்கு மதுரை, நேர்காணலுக்கு மதுரை, இப்போது பயிற்சிக்கும் மதுரை. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2022 டிசம்பரில், பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது நான் பட்டமே வாங்கியிருந்தேன். அதுவரை பேருந்தில் நின்றபடி போய் வந்தேன். அது தங்கள் பொறுப்பல்ல. எழுத வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். பணியிடப் பயிற்சியைக் கல்லூரியே ஏற்பாடு செய்து தாருங்கள். அதைத் தடைக்காலத்தில் வைக்காமல் ஒரு செமஸ்டருக்குள் வையுங்கள். பிப்பெட் பிடித்தல், ரத்த மாதிரியை ஏற்பதும் மறுப்பதும், தரக்கட்டுப்பாட்டு வரைபடம் குறித்தல், மருத்துவக் கழிவை நிறவாரியாகப் பிரித்தல் என ஒவ்வொரு திறனையும் மாணவர் தம் கையால் செய்ததைப் பார்த்து, மேற்பார்வையாளர் தேதியிட்டுக் கையொப்பமிடும் குறிப்பேடு ஒன்றைக் கொடுங்கள். முத்திரைச் சான்றிதழுக்கு மாற்றாக அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த குழுக் கூட்டம்வரை இதைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தால், அதுவரையிலாவது இந்தச் சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள்.

என் தங்கை ஏப்ரல் 15க்குள் படிவத்தைத் தர வேண்டும். "பயிற்சி நிறுவனத்தின் பெயர்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நேற்றும் கேட்டாள். இரண்டு நாள் பொறு, கடிதம் எழுதியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் துறையின் முன்னாள் மாணவி,
பாம்பன்.