ப்ராஜெக்ட்டைத் தனியாகவே முடிக்க நினைக்கும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

"நாலு பேர் டீம்னு பேரு, வேலை பாக்குறது நான் மட்டும்தான் அத்தை. பேசாம நானே முடிச்சுக் குடுத்துடுறேன்" என்று போனில் சொன்னாய். உன் கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவு வேண்டாம். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் உன்னைப் போன்ற பெண்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். கோடிங், ரிப்போர்ட், பிபிடி என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றோடு மற்றவர்களிடம் பேச்சும் நின்றுவிடும். மார்க் வந்துவிடும். ஆனால் ஒருவனிடம் முகத்துக்கு நேராக, நட்பு அறுந்துபோகாமல், "உன் பங்கு இன்னும் வரலை" என்று சொல்லப் பழகாமலேயே வேலைக்குப் போவார்கள்.

உன் டீமில் ப்ராஜெக்ட் வேலைக்கே வராத அந்தப் பையனைப் பற்றி முதலில். அமெரிக்காவின் ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் பிப் லட்டானே என்ற உளவியலாளரின் குழுவினர் மாணவர்களைக் கூட்டமாகக் கத்தவும் கைதட்டவும் வைத்து அளந்தார்கள். ஆள் கூடக் கூட, தலைக்கு இவ்வளவு என்று வரும் சத்தம் குறைந்தது. அது 1979இல். 1981இல் அவர்களே இன்னொன்றையும் கண்டார்கள்: யார் எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும் என்று சொன்னதும் அந்தத் தளர்ச்சி போய்விட்டது. ஆகவே அவனைச் சோம்பேறி என்று முத்திரை குத்தும் முன், அவனுடைய வேலை எது என்று அவனுக்கே தெரியுமா என்று பார். "எல்லாரும் சேர்ந்து பண்ணலாம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யாரும் பண்ணமாட்டார்கள். "டேட்டாபேஸ் உன்னோடது, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்று அவனிடம் தனியாகச் சொல். எல்லோர் முன்னாலும் சொன்னால் அவனுக்கு மானம்தான் பெரிதாகத் தெரியும், வேலை தெரியாது.

இன்னொரு பையன் சொன்னால் செய்கிறவன், அவனை விடு. எனக்குக் கவலையெல்லாம் நீ ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன அந்த ஹாஸ்டல் பெண்தான். தமிழ் மீடியத்தில் படித்தவள், வாயே திறப்பதில்லை, அதனால் பிரிண்ட் எடுப்பதும் பைண்டிங் கொடுப்பதும் அவள் வேலை என்றாய். ரிவியூவில் ஸ்லைடு மாற்றுவதும் அவள்தானாம். இது அவளுக்குச் செய்யும் உதவி இல்லையம்மா. கடைசி வருஷம்வரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, கேம்பஸ் இன்டர்வியூவில் பேசு என்றால் எப்படிப் பேசுவாள்?

1971இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது பள்ளிகளில் சண்டை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு என்று கொடுத்தார். மிச்சத் துண்டுகள் வேண்டுமானால் மற்றவர் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் திணறிய பையனைக் கேலி செய்தவர்கள், அதனால் தங்களுக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்ததும் பொறுமையாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்க அவனும் பேசினான்.

உங்கள் ப்ராஜெக்ட்டிலும் அவள் இல்லாமல் நகராத ஒரு பகுதி அவள் கையில் இருக்கட்டும். டெஸ்டிங்கை முழுதாகக் கொடு. முதலில் உனக்குத் தமிழிலேயே விளக்கச் சொல், குறுக்கே பேசாதே. ராத்திரி பத்து மணிக்குப் பையன்கள் வசதிக்குப் போன் கால் போடுவதை விட்டு, ஹாஸ்டல் கேட் மூடும் முன் நால்வரும் நேரில் உட்காருங்கள்.

கல்லூரிகள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. யார் என்ன செய்தார்கள் என்று விசாரிக்காமல் டீம் முழுக்க ஒரே மார்க் போடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அதற்காக உங்கள் ப்ராஜெக்ட்டை மேற்பார்க்கும் கைடிடம் போய் டீமைப் பிரிக்கச் சொல்லாதே. அடுத்த ரிவியூவில் அவரவர் பகுதியை அவரவரிடமே கேளுங்கள் என்று சொல். நல்ல கைடு அதை மறுக்கமாட்டார்.

அந்தப் பையனிடம் இந்த வாரமே பேசிவிடு. அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுநாள் கேன்டீனில் நீயே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.

அன்புடன்,
அத்தை